சாணக் கரைசலிலிருந்து ஹைட்ரஜன்: முதல் பாட்டில் வைப்பவருக்கு

ஹைட்ரஜன் தரும் நுண்ணுயிரியை எங்கே வாங்குவது? புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வாங்கவே வேண்டாம். மாட்டுச் சாணத்தில் இருக்கிறது, குளத்துச் சேற்றில் இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைக்குப் பின்னால் தேங்கும் கழிவுநீரின் அடிமண்டியில் இருக்கிறது. காற்றுப் புகாத இடத்தில் மாவுச்சத்து நொதித்தால் ஹைட்ரஜன் எப்படியும் கொஞ்சம் உண்டாகும். ஆனால் நம் கைக்கு வராது. உண்டான சூட்டோடு பக்கத்திலிருக்கும் இன்னொரு கூட்டம் அதைத் தின்று மீத்தேனாக்கிவிடும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதில் ஒரு பங்கு அப்படித் தின்னப்பட்ட ஹைட்ரஜன்தான். அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி தின்கிற கூட்டத்தை விலக்கி வைப்பதிலேயே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்பது தானாகப் புரியும்.

இந்த இரண்டு கூட்டமும் எவ்வளவு ஒட்டி வாழ்கின்றன என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. எத்தனாலை மீத்தேனாக மாற்றும் ஒற்றை நுண்ணுயிரி என்று நம்பி, ஒன்றுக்கு மெத்தனோபசில்லஸ் ஓமெலியான்ஸ்கி என்று பெயரும் வைத்துப் பல ஆண்டுகள் வளர்த்து வந்தார்கள். 1967இல் பிரையன்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பிரித்துப் பார்த்தால் அது இரண்டு உயிர்! ஒன்று எத்தனாலை உடைத்து ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. மற்றது அதை வாங்கி மீத்தேன் ஆக்குகிறது. தேர்ந்த ஆய்வாளர்களையே அத்தனை காலம் ஏமாற்றிய கூட்டணியைத்தான் நாம் பிரித்து வைக்கப் போகிறோம்.

இது கல்லூரி ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை, வீட்டுச் சமையலறையில் அல்ல. காரணம் பின்னால் வரும்.

கொஞ்சம் வேதியியல், அவ்வளவுதான்

ஒளி தேவைப்படாததால் இதற்கு இருட்டு நொதித்தல் என்று பெயர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு அசிட்டிக் அமிலமாக முடிந்தால் 4 ஹைட்ரஜன் மூலக்கூறு கிடைக்கும். பியூட்டிரிக் அமிலமாக முடிந்தால் 2. லாக்டிக் அமிலமாக முடிந்தால் ஒன்றுமில்லை. புரோப்பியானிக் அமிலமாக முடிந்தால் இருக்கிற ஹைட்ரஜனும் செலவாகும். காகிதத்தில் உச்சம் 4. கலப்புக் கூட்டத்தில் 1 முதல் 2.5 வரை கிடைத்தால் நல்ல பாட்டில்.

இட்லி மாவு பொங்குகிறதே, அதில் ஹைட்ரஜன் வராதா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். வராது. அங்கே வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். மாவைத் தூக்குவது கார்பன் டை ஆக்சைடு. நமக்கு வேண்டியவை க்ளாஸ்ட்ரிடியம் இனத்தவை. காறிப்போன நெய் வாடை அடித்தால் பியூட்டிரிக் அமிலம் உண்டாகிறது, நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். ஆய்வகத்தில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்; சமாளித்துக்கொள்ளுங்கள்.

உறை எடுப்பது

தயிருக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் உறை வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சாண எரிவாயுக் கலனின் வெளிவாய்க் குழியிலிருந்து கரைசலை எடுப்பது எளிது. சேலம், ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சில ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் உண்டு. அதன் கசடு ஏற்கெனவே மரவள்ளி மாவுக்குப் பழகியது. குழியின் மேற்பரப்பில் காய்ந்து கிடக்கும் ஆடையை விலக்கிவிட்டு உள்ளிருந்து அள்ளுங்கள். டப்பாவை விளிம்பு வரை நிரப்பி, மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்துக் கொண்டு வாருங்கள். இறுக்கி மூடி வெயிலில் பேருந்தில் கொண்டுவந்தால் பையைத் துவைக்க வேண்டியிருக்கும்.

வந்ததும் தேநீர் வடிகட்டி அளவு கண்ணுள்ள சல்லடையில் வடித்து வைக்கோல், நார் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். இது அழகுக்காகச் செய்வதில்லை. கட்டி இருந்தால் அடுத்த படியில் சூடு உள்ளே போகாது.

சூடேற்றுவது

வேலையின் உயிர் இங்கேதான். மீத்தேன் கூட்டத்துக்கு வித்து (ஸ்போர்) உருவாக்கும் திறமை கிடையாது. கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் செத்துவிடும். க்ளாஸ்ட்ரிடியங்கள் கெட்டியான வித்துகளாகச் சுருங்கிக்கொண்டு பிழைக்கும், ஆறியதும் முளைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் 80 முதல் 105 டிகிரி வரை, 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விதவிதமாகப் பார்ப்பீர்கள். தொடங்குகிறவருக்கு நான் சொல்வது: வாட்டர் பாத்தில் 95 டிகிரிக்கு அருகில் 30 நிமிடம். நேரத்தைக் கணக்கிடுவதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். வெளியே இருக்கும் தண்ணீர் 95ஐத் தொட்டதும் கடிகாரத்தைத் தட்டிவிடுவார்கள். கரைசல் கெட்டியானது; பீக்கரின் நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வர இன்னும் கால் மணி நேரம்கூட ஆகலாம். தெர்மாமீட்டரைக் கரைசலின் நடுவில் வைத்து, கிளறிவிட்டு, அங்கே 90ஐத் தாண்டிய பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

சூட்டுக்குப் பதில் பிஎச் 3க்கு இறக்கி ஒரு நாள் வைப்பவர்களும் உண்டு. மீத்தேன் நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளைப் போடும் முறையும் இருக்கிறது. வேதிப்பொருள் வழியை நான் விரும்புவதில்லை. நாளைக்குப் பெரிய தொட்டியில் செய்ய முடியாததை இன்று பாட்டிலில் செய்து காட்டி என்ன பயன்?

சூடேற்றியதால் இரண்டு பக்கவிளைவுகள் வரும். என்டரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனும் தரும், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்று தீர்க்கும். அவற்றுக்கு வித்து இல்லாததால் அவையும் சேர்ந்தே போய்விடும். காவலாளியே போன பிறகு, ஹைட்ரஜனை உண்டாக்கும், ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும் ஹைட்ரஜனேஸ் நொதியை நீங்கள்தான் காக்க வேண்டும். இரண்டாவது, பாதுகாப்பு. கொதித்துவிட்டது, இனிச் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். டெட்டனஸ் கிருமியும் ஒரு க்ளாஸ்ட்ரிடியம்தான்; அதன் வித்தும் இந்தச் சூட்டைத் தாங்கும். கையுறை போடுங்கள், ஊசியைக் கவனமாகக் கையாளுங்கள், முடிந்ததும் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்த பிறகே கொட்டுங்கள்.

தீனி

முதல் தடவைக்கு மரவள்ளி மாவோ கடையில் கிடைக்கும் ஸ்டார்ச்சோ போதும். ஆலைக் கழிவுநீரையும் மாவெடுத்த பின் மிஞ்சும் மரவள்ளித் திப்பியையும் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரின் சத்து நாளுக்கு நாள் மாறும், அதில் வேறு பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கும், மரவள்ளியிலிருந்து வரும் சயனைடும் கொஞ்சம் இருக்கும். முதல் முறையே அதில் இறங்கினால் எது எதனால் கெட்டது என்று தெரியாது.

லிட்டருக்கு 5 கிராம் ஸ்டார்ச். பச்சைத் தண்ணீரில் கலக்கி, கூழ் காய்ச்சுவது போலக் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். வெந்த மாவு வேகமாக உடையும். மாவில் நைட்ரஜன் சத்து அறவே குறைவு. சிறிது அம்மோனியம் குளோரைடோ ஈஸ்ட் எக்ஸ்டிராக்டோ சேர்க்க வேண்டும். ஃபெரஸ் சல்பேட் ஒரு சிட்டிகை. ஹைட்ரஜனேஸுக்கு இரும்பு இல்லாமல் ஓடாது. பிஎச் நிலைக்க பாஸ்பேட் பஃபர். சோடியம் பைகார்பனேட் போட்டால் அமிலம் வந்ததும் அதுவே கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கி உங்கள் வாயுக் கணக்கைக் குழப்பும்.

தொடக்க பிஎச் 6.5 வாக்கில் வையுங்கள். அமிலம் சேரச் சேர 5.5க்கு இறங்கும்; அந்த வட்டாரத்தில்தான் நம் கூட்டம் நன்றாக வேலை செய்கிறது, மீத்தேன் கூட்டம் முடங்குகிறது. 4.5க்குக் கீழே போனால் எல்லோரும் கையை மடக்கிவிடுவார்கள்.

பாட்டில் வைப்பது, வெடிக்காமல் வைப்பது

120 மி.லி. கொள்ளளவுள்ள சீரம் பாட்டில், பியூட்டைல் ரப்பர் அடைப்பான், அலுமினிய மூடி. தீனிக் கரைசல் 50 மி.லி., உறை 10 மி.லி.; மேலே 60 மி.லி. காலியிடம். ஸ்டார்ச்சை 60 மி.லி.க்கும் சேர்த்துக் கணக்கிட்டு 0.3 கிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஊசி ஒன்றால் நைட்ரஜனை உள்ளே விட்டு, குட்டை ஊசி ஒன்றால் காற்றை வெளியேற்றி, சில நிமிடம் ஓடவிட்டு இரண்டையும் உருவிவிடுங்கள். மூன்று பாட்டில் தீனியோடு. தீனி இல்லாமல் உறை மட்டும் உள்ள மூன்று. சூடேற்றாத உறையோடு மூன்று. மூன்றாவது வரிசையை விட்டுவிடாதீர்கள். மீத்தேன் கூட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் சூடேற்றியதன் மதிப்பு தெரியும். 35 முதல் 37 டிகிரி, மெதுவான குலுக்கல்.

இப்போது ஒரு கணக்கு. 0.3 கிராம் ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் அலகு 1.85 மில்லிமோல். அலகுக்கு 2 ஹைட்ரஜன் வந்தால் 3.7 மில்லிமோல், 30 டிகிரியில் சுமார் 92 மி.லி. கார்பன் டை ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக 60 மி.லி. இடத்தில் 180 மி.லி. புது வாயு. திறந்துவிடாமல் வைத்தால் வெளிக்காற்றைவிட 3 மடங்கு வளிமண்டல அழுத்தம் கூடும்; கார் டயரில் நாம் நிரப்புவதைவிட அதிகம். என் முதல் வருடத்தில் தீனியை இரட்டிப்பாக்கிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை வந்தால் ஒரு அடைப்பான் கூரையில் கறை வைத்துவிட்டுக் கீழே கிடந்தது. அறையில் ஆள் இல்லாததால் தப்பித்தோம். தொடங்கிய 6 மணி நேரத்திலிருந்து முதல் நாள் முழுக்க 4 மணி நேரத்துக்கு ஒரு முறை வாயுவைத் திறந்துவிடுங்கள். கீறல் விழுந்த பாட்டிலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

அடிக்கடி திறந்துவிடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. மேலே ஹைட்ரஜன் அழுத்தம் ஏறினால் பாக்டீரியாக்கள் அதை விடத் தயங்கி வேறு பொருள்களைச் செய்யத் தொடங்கும்.

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும்; சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. வந்தது ஹைட்ரஜன்தானா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கிற ஆர்வம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். காற்றோட்டமுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள்.

அளப்பது

உள் சுவரைச் சிறிது தண்ணீரால் நனைத்த கண்ணாடி சிரிஞ்ச் போதும். ஊசியைக் குத்தியதும் தண்டு தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நின்ற இடத்தில் லேசாகச் சுழற்றிவிட்டு அளவைப் படியுங்கள். கவிழ்த்த அளவுக் குடுவையில் வாயுவைப் பிடிப்பதாக இருந்தால் வெறும் தண்ணீர் வேண்டாம்; கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்துவிடும். உப்பை இனிக் கரையாத அளவுக்குக் கரைத்து, சில சொட்டு அமிலம் விட்ட நீரைப் பயன்படுத்துங்கள்.

வாயுவில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று சொல்ல வெப்பக் கடத்துதிறன் டிடெக்டர் உள்ள கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும். சுமந்துசெல்லும் வாயுவாக ஆர்கானோ நைட்ரஜனோ இருக்கட்டும். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுடையதற்கு மிக அருகில் இருப்பதால் சிகரம் தேய்ந்தோ தலைகீழாகவோ வரும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கி மிஞ்சியதை ஹைட்ரஜன் என்று சொல்லும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. அதில் மீத்தேனும் நைட்ரஜனும் சேர்ந்தே மிஞ்சும். போக்கு தெரிந்துகொள்ளலாம், எண்ணாக எழுத முடியாது.

கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. முதல் முறை 70 மி.லி. வாயு வெளியே வந்தது, அதில் ஹைட்ரஜன் 32 சதவீதம் என்று வையுங்கள். 70ஐ 0.32ஆல் பெருக்கி 22.4 என்று எழுதிவிடுவார்கள். பாட்டிலுக்குள் இன்னும் 60 மி.லி. வாயு நிற்கிறதே, அதிலும் 32 சதவீதம் இருக்கிறதே! சரியான விடை 130ஐ 0.32ஆல் பெருக்கி, 41.6 மி.லி. அடுத்த முறை இன்னும் 60 மி.லி. வெளியே வந்து, விகிதம் 46ஆக உயர்ந்தால், வெளியே வந்ததில் 27.6, உள்ளே கூடியதில் 8.4. மொத்தம் 77.6 மி.லி. 30 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர், ஆக 3.12 மில்லிமோல். அதை 1.85ஆல் வகுத்தால் 1.68. முதல் பாட்டிலுக்கு இது நன்றாகவே இருக்கிறது. உறை மட்டும் உள்ள பாட்டிலில் வந்ததைக் கழிக்க மறக்காதீர்கள். நீராவிக்கும் ஒரு திருத்தம் உண்டு, 30 டிகிரியில் 4 சதவீதம் போல.

சிரிஞ்ச் உள்ளே இழுத்தால்

மூன்றாம் நாள் காலை ஊசியைக் குத்தினேன். தண்டு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போனது. லீக் என்று நினைத்து அடைப்பான் எல்லாவற்றையும் மாற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஒரு வாரத்தை வீணாக்கினேன். லீக் ஆனால் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாகுமே தவிர, பாட்டில் உறிஞ்சாது என்று அப்போது தோன்றவில்லை.

நடந்தது வேறு. வித்து உருவாக்கிப் பிழைத்தவர்களில் திருடர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை தீர்ந்ததும் 4 பங்கு ஹைட்ரஜனையும் 2 பங்கு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அசிட்டிக் அமிலம் சமைக்கிற பாக்டீரியாக்கள் அவை. ஆறு பங்கு வாயு திரவத்துக்குள் மறைந்தால் பாட்டில் உறிஞ்சத்தானே செய்யும். இவற்றைச் சூடேற்றி ஒழிக்க முடியாது. வாயு வருவது மட்டுப்பட்ட உடனே ஓட்டத்தை நிறுத்துவதுதான் வழி. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அநேகமாக வேலை முடிந்திருக்கும். அசிட்டிக் அமிலம் நிறைய இருக்கிறது, ஆகவே ஹைட்ரஜன் நன்றாக வந்திருக்கும் என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் ஆபத்து. பியூட்டிரிக் அமிலத்தின் அளவு அதைவிட நம்பகமான சாட்சி.

மீத்தேன் தென்பட்டால் சூடு போதவில்லை. வாயுவே வராமல் பிஎச் மட்டும் சரசரவென்று இறங்கினால் லாக்டிக் கூட்டம் புகுந்துவிட்டது. பெரும்பாலும் தீனி வழியாகத்தான் வரும். ஆனால் அவர்களை முழு எதிரியாகவும் தள்ளிவிட முடியாது. லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துத் தின்று, பியூட்டிரிக் அமிலமும் ஹைட்ரஜனும் தருகிற க்ளாஸ்ட்ரிடியங்கள் உண்டு. வாயு நின்றுபோனதென்று நினைத்த பாட்டில் மறுநாள் மீண்டும் பொங்கினால், இதுவாக இருக்கலாம்.

யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது

நுண்ணுயிரிகளை அடையாளம் காண உதவும் 16 எஸ் ஆர்என்ஏ மரபணு வரிசையைப் படித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. மாதிரியை வாயு வேகமாக வரும் நேரத்தில் எடுத்து உடனே உறைய வையுங்கள். தொடக்க நேரத்து மாதிரியைப் பார்த்து மிரளாதீர்கள். சூட்டில் செத்தவர்களின் டிஎன்ஏவும் அதில் கிடக்கும். பட்டியலில் பெயர் இருப்பதால் ஆள் உயிரோடிருக்கிறார் என்று பொருளில்லை. நேரெதிர்ப் பிழையும் உண்டு. பாக்டீரியாவுக்கான பிரைமர் (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மட்டும் போட்டால், பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா பிரிவைச் சேர்ந்த மீத்தேன் கூட்டம் பட்டியலிலேயே வராது. அதைப் பார்த்து மீத்தேன் உயிரிகள் அறவே ஒழிந்தன என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேஸ் குரோமட்டோகிராஃபில் மீத்தேன் சிகரம் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட மலிவு.

பாட்டிலிலிருந்து தொட்டிக்கு

தொடர்ந்து தீனி போய், தொடர்ந்து திரவம் வெளியேறும் தொட்டியில் சூட்டுக்குப் பதிலாக நேரத்தையே ஆயுதமாக்கலாம். தீனி உள்ளே தங்கும் காலத்தை 6 முதல் 12 மணி நேரமாகக் குறைத்து, பிஎச்சை 5.5இல் நிறுத்தினால், நிதானமாகப் பெருகும் மீத்தேன் கூட்டம் பெருகுவதற்குள் வெளியே அடித்துச் செல்லப்படும். ஆனால் குழாய் வளைவிலும் சுவரிலும் வழுவழுப்பாகப் படியும் படலத்தில் அவை ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். அந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பதும் வேலையில் சேர்த்திதான்.

பெரிய அளவில் நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. வடிசாலைக் கழிவுநீரில் சிட்ரோபாக்டர், என்டரோபாக்டர், ரோடோசூடோமோனாஸ் மூன்றையும் சேர்த்து வளர்த்து, 100 கன மீட்டர் தொட்டியில் 21.38 கிலோ ஹைட்ரஜன் எடுத்ததை இந்திய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள், குளுக்கோஸுக்கு 2.76 வீதம். 21 கிலோ என்றால் சுமார் 58 கிலோ பெட்ரோலின் ஆற்றல். அத்தனை பெரிய தொட்டிக்கு இவ்வளவுதானா என்று தோன்றினால் தப்பில்லை.

குளுக்கோஸில் இருக்கும் ஆற்றலை முழுக்க ஹைட்ரஜனாக்க முடிந்தால் 12 மூலக்கூறு வர வேண்டும். நொதித்தலின் உச்சமே 4. நம் பாட்டிலில் வந்தது 1.68, அதாவது 14 சதவீதம். பாக்கி பெரும்பகுதி அமிலங்களாகத் திரவத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தத் திரவத்தைச் சாக்கடையில் விடாதீர்கள். பிஎச்சை 7க்கு ஏற்றி, சூடேற்றாமல் எடுத்து வைத்த உறையைச் சேர்த்து, இன்னொரு பாட்டிலில் மூடி வையுங்கள். முதல் பாட்டிலில் விரட்டிய மீத்தேன் கூட்டத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. அவசரப்படாதீர்கள், அவர்கள் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார்கள். வாயுவைத் திறந்துவிடுவதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.